வெள்ளை வேப்பமரம்

“மரத்துக்கு நரைச்சுப் போச்சாப்பா?” என்று கேட்டார் கீழ்வீட்டுப் பாட்டி.

2021-ம் ஆண்டு தீபாவளி. எங்கள் குடியிருப்பின் வாசலில் நிற்கும் வேப்பமரத்தைப் படம் எடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு, பட்சணத் தட்டோடு அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். படத்தில் வானம் கருநீலம். மேகம் பஞ்சுப் பொதி. மரம் மட்டும் அடியிலிருந்து நுனி வரை வெள்ளை வெளேரென்று, பனி பெய்த மாதிரி. ஹைதராபாத்தில் ஏது பனி? பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் இன்னொரு கேள்வியும் கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் மரம் நரைத்த கதை.

வீட்டு டி.வி. ரிமோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூக்கில் ஒரு சின்ன பல்பு இருக்கும். செல்போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே அதைக் காட்டி, ஏதாவது ஒரு பொத்தானை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பல போன்களின் திரையில் அந்த பல்பு ஊதா கலந்த வெள்ளையில் மினுக்குவதைப் பார்க்கலாம். அதுதான் அகச்சிவப்பு ஒளி. நம் கண் பார்க்காததை ஒரு கேமரா பார்க்கும் என்பதற்கு இதைவிட மலிவான சாட்சி கிடையாது. குழந்தைகளிடம் செய்து காட்டுங்கள். அரை மணி நேரம் ரிமோட் உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது.

நம் கண்ணுக்கு எட்டும் ஒளி ஏறத்தாழ 400 நானோமீட்டரில் ஊதாவாகத் தொடங்கி 700-ல் சிவப்பாக முடிகிறது. நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சிவப்புக்கு அப்பாலும் ஏதோ இருக்கிறது என்று 1800-ல் கண்டவர் வில்லியம் ஹெர்ஷல். சங்கீதத்திலிருந்து வானசாஸ்திரத்துக்கு வந்தவர், யுரேனஸைக் கண்டுபிடித்தவர். சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு வெளியே, ஒன்றுமே இல்லாத மாதிரி தோன்றிய இடத்தில் வைத்த தெர்மாமீட்டர்தான் எல்லாவற்றையும்விட அதிகம் ஏறியது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. அகச்சிவப்பு என்றதும் பலருக்கும் கொரோனா சமயத்தில் விமான நிலையங்களில் நம் உடல் சூட்டை அளந்த கேமரா ஞாபகம் வருகிறது. அது வேறு ஜாதி. 8 முதல் 14 மைக்ரான் வரையிலான நீண்ட அலைகளைப் பார்ப்பது. நான் சொல்வது சிவப்புக்கு அடுத்த வீட்டிலேயே குடியிருக்கும் அகச்சிவப்பு. 700-லிருந்து 1000 நானோமீட்டர் வரை. இதில் சூடு தெரியாது. வெயில் ஒரு பொருளின் மேல் பட்டுத் திரும்புவதுதான் தெரியும், சாதாரணப் போட்டோவைப் போலவே.

இலை ஏன் வெளுக்கிறது? பச்சையம் தன் சமையலுக்குச் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிக்கொள்கிறது. பச்சையில் கொஞ்சத்தைத் திருப்பிவிடுகிறது. அதனால் இலை பச்சை. அகச்சிவப்பு அந்தச் சமையலுக்கு உதவாத சரக்கு. அது இலைக்குள் புகுந்து, செல்களுக்கும் அவற்றின் நடுவே உள்ள காற்று இடைவெளிகளுக்கும் இடையில் மோதிச் சிதறி, ஏறக்குறையப் பாதி வெளியே வந்துவிடுகிறது. மீதியில் பெரும்பகுதி இலையை ஊடுருவிக் கீழே உள்ள இலைக்குப் போய், அங்கிருந்தும் திரும்புகிறது. ஆகவே தழைத்த மரம் அகச்சிவப்பில் வெளுத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி பளீரென்று இருக்கும். தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும்; ஏரி கறுக்கும். தெளிந்த நீல வானத்தில் அகச்சிவப்பு சொற்பம், அதுவும் கறுக்கும். 1910-ல் இப்படிப்பட்ட நிலக்காட்சிகளை வெளியிட்டு உலகத்தை அசத்தியவர் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர். இலை வெளுப்பதற்கு ‘வுட் விளைவு’ என்றே பெயர். வுட் என்றால் மரம்தானே, பொருத்தமான பெயர் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆசாமியின் பெயர்தானாம்.

இரவல் நிறம்

கறுப்பு வெள்ளையோடு நின்றால் வம்பு இல்லை. நிறம் சேர்க்கும்போதுதான் ‘பொய்’ வருகிறது. அகச்சிவப்புக்கு என்று ஒரு நிறம் கிடையாது. மனிதக் கண் அதைப் பார்த்திருந்தால்தானே பெயர் வைத்திருக்கும்! ஆகவே தெரிந்த நிறம் ஒன்றை அதற்கு இரவல் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்காகக் கோடாக் கம்பெனி உருவாக்கிய கலர் பிலிமில் இந்த இரவலுக்கு ஒரு கணக்கு இருந்தது. அகச்சிவப்பு படத்தில் சிவப்பாக விழும். சிவப்பு பச்சையாக விழும். பச்சை நீலமாக விழும். பந்தியில் ஆளுக்கு ஒரு இடம் தள்ளி உட்கார்ந்த மாதிரி. நீலத்துக்கு மட்டும் இலை போடவில்லை. லென்ஸின் முன்னால் மஞ்சள் பில்டரைப் போட்டு அதை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பீரங்கிக்குப் பச்சை பெயிண்ட் அடித்துக் காட்டில் மறைத்து வைத்தாலும், விமானத்திலிருந்து எடுத்த படத்தில் உயிருள்ள இலை சிவப்பாகவும் பெயிண்ட் நீலமாகவும் விழும். பொய் நிறம் பொய்யைக் காட்டிக்கொடுத்தது.

நம் நாட்டில் இதற்கு ஒரு தென்னைமரக் கதை உண்டு. கேரளத்தில் வேர்வாடல் நோயால் தென்னந்தோப்புகள் அழிந்துகொண்டிருந்தன. 1970-ஐ ஒட்டி பி.ஆர். பிஷாரடி என்ற விஞ்ஞானியின் முயற்சியில், ஹெலிகாப்டரில் ஏறி, ஹாஸல்பிளாட் கேமராவில் இந்த அகச்சிவப்புக் கலர் பிலிமைப் போட்டுத் தோப்புகளை மேலிருந்து படம் எடுத்தார்கள். நோய் கண்ட மரமும் நல்ல மரமும் நிறத்தில் பிரிந்து தெரிந்தன. இந்தியாவில் தொலையுணர்வு என்ற துறையே அந்தப் படங்களிலிருந்து பிறந்தது என்று சொல்வது வழக்கம். பிஷாரடியை அதன் தந்தை என்றே குறிப்பிடுகிறார்கள். அந்த நோய் பின்னாளில் பொள்ளாச்சி, கம்பம் பக்கமெல்லாம் வந்து சேர்ந்ததை, ஊரில் தோப்பு வைத்திருக்கும் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1988 மார்ச் 17 அன்று பைக்கனூரிலிருந்து ஏவப்பட்ட நம் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளிலும் நான்கு ஒளிப்பட்டைகளில் ஒன்று அகச்சிவப்பு. அது அனுப்பிய தகவல் வந்து இறங்கியது நம் ஊருக்கு அருகே ஷாத்நகரில். படமானது நம் பாலாநகரில். வயல்கள் ரத்தச் சிவப்பாகவும் ஆறுகள் கறுப்பாகவும் தெரியும் அந்தப் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்து, இது என்ன செவ்வாய் கிரகமா என்று நான் வியந்தது உண்டு. அங்கும் கோடாக் பிலிமின் அதே கணக்குதான்.

இந்தக் கணக்கு என்ற சொல்லைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் பொய்தான், ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட பொய். சிவப்பு என்றால் இலை, அடர் சிவப்பு என்றால் நன்றாகத் தழைத்த இலை என்று படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு மொழி. கோடாக்கின் ஏரோக்ரோம் என்ற அந்த வகை பிலிம் 2009-ல் நின்றுபோனது. மிச்சம் மீதி இருந்த சுருள்களைச் சேகரித்து ரிச்சர்ட் மோஸ் என்ற அயர்லாந்துக்காரர் காங்கோவின் உள்நாட்டுப் போரைப் படம் எடுத்தார். இளஞ்சிவப்புக் குன்றுகளின் நடுவே துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாய்கள். 2013-ல் வெனிஸ் கலைவிழாவில் அயர்லாந்தின் சார்பில் வைக்கப்பட்டவை அவர் இந்த பிலிமில் எடுத்த காட்சிகள்தான். எந்த மறைவிடத்தைக் கண்டுபிடிக்கப் பிறந்த பிலிமோ, அதே பிலிமில் போரைக் காட்டினார் என்பதுதான் அதில் என்னை உறுத்திய விஷயம்.

கேமராவின் வயிற்றைக் கிழித்து

இன்று நம்மைப் போன்றவர்கள் செய்வது கொஞ்சம் வேறு. டிஜிட்டல் கேமராவின் சிலிக்கான் சென்சாருக்கு இயல்பாகவே அகச்சிவப்பு தெரியும், கிட்டத்தட்ட 1100 நானோமீட்டர் வரை. அதைப் பார்க்கவிட்டால் கல்யாண போட்டோவில் நிறமெல்லாம் கெட்டுவிடும் என்பதால் சென்சாரின் முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பை வைத்துவிடுகிறார்கள். இரண்டு வழி. லென்ஸின் முன்னே 720 நானோமீட்டருக்கு மேல் மட்டும் விடும் கறுப்பு பில்டரைப் போட்டு, டிரைபாடில் வைத்துப் பல வினாடி திறந்து வைப்பது ஒன்று. காற்றில் இலை ஆடினால் போயிற்று. பழைய கேமராவின் வயிற்றைக் கிழித்து அந்தத் தடுப்பை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக 720 பில்டரை உள்ளேயே பொருத்துவது இன்னொன்று. நான் பரணில் கிடந்த ஒரு பழைய கேமராவை ரிப்பேர்காரரிடம் கொடுத்து இரண்டாவதைச் செய்துகொண்டேன். வீட்டில் நீங்களே திறக்க வேண்டாம். பிளாஷுக்கான கெப்பாசிட்டர் பேட்டரியைக் கழற்றிய பிறகும் சுமார் 300 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பிடித்தது அதன் நேரம். மற்ற போட்டோக்காரர்கள் வெயில் கொதிக்கிறது என்று சாப்பிடப் போகும் நண்பகல்தான் அகச்சிவப்புக்கு ராஜ முகூர்த்தம். கோல்கொண்டாவின் சுவர் இடுக்குகளில் முளைத்த புல் பூண்டெல்லாம் விளக்கேற்றியது போல் எரியும். ஹுசேன் சாகரில், 1992-ல் நிறுத்திய கருங்கல் புத்தர் சாம்பல் நிறத்திலேயே நிற்க, சுற்றிலும் நீர் மைக்கறுப்பாகி, கரையோரம் ஒதுங்கிய ஆகாயத்தாமரை வெள்ளைக் கம்பளமாக மிதக்கும். மனிதர்களை மட்டும் எடுக்காதீர்கள். ஒளி தோலுக்குள் கொஞ்சம் புகுந்து திரும்புவதால் முகம் மெழுகு பொம்மையாகிவிடும், கண் இரண்டு குழியாகிவிடும். கறுப்புச் சாயத் துணிகள் பல வெளுத்துவிடும். சில மெல்லிய துணிகளின் ஊடே தெரியவும் செய்யும். 1998-ல் இதனாலேயே ஒரு பெரிய கம்பெனி தன் வீடியோ கேமராவின் இரவுக்காட்சி வசதியைப் பகலில் பயன்படுத்த முடியாதபடி மாற்ற வேண்டி வந்தது. கேட்காமல் யாரையும் இந்தக் கேமராவில் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

இனி கம்ப்யூட்டர் வேலை.

கேமராவிலிருந்து வரும் மூலப் படம் பார்க்கச் சகிக்காது. முழுக்கக் குங்குமம் கொட்டிய மாதிரி சிவப்பு. முதல் வேலை ஒயிட் பேலன்ஸ். எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்ல வேண்டும். வெயிலில் நிற்கும் புல்லைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று சொல்லிவிட வேண்டியது. படத்தை ‘ரா’ வடிவத்தில்தான் எடுக்க வேண்டும். ஜேபெக்கில் எடுத்துவிட்டுப் பின்னால் இழுத்தால் வானம் படிக்கட்டு படிக்கட்டாக உடையும். லைட்ரூமில் இன்னொரு சிக்கல்: அதன் வெப்ப அளவுகோல் 2000 கெல்வினுக்குக் கீழே போகாது, நமக்கு அதற்கும் கீழே தேவை. அடோபியே இலவசமாகக் கொடுக்கும் புரொபைல் எடிட்டரில் கேமராவுக்கென்று ஒரு தனிக் கோப்பு தயார் செய்து, அதில் அளவை மைனஸ் 100-க்குத் தள்ளி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. ஒருமுறை செய்தால் போதும்.

இப்போது இலை வெள்ளையாகியிருக்கும். வானம் மட்டும் செங்கல் பழுப்பில் இருக்கும். இங்கேதான் சானல் மாற்றம் என்ற வித்தை. போட்டோஷாப்பின் சானல் மிக்ஸரில், சிவப்பு வெளியீட்டில் சிவப்பை 0, நீலத்தை 100; நீல வெளியீட்டில் சிவப்பை 100, நீலத்தை 0. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலும் இதைச் செய்யலாம். பழுப்பு வானம் சட்டென்று நீலமாகும். முதல் தடவை பார்த்தபோது கை தட்டினேன்.

கை தட்டிய பிறகுதான் யோசனை வந்தது. அந்த நீலம் வானத்தின் நீலம் அல்ல. வானத்தின் உண்மையான நீல ஒளி கேமராவுக்குள் நுழையவே இல்லை. பில்டர் அதை முழுதாகத் தடுத்துவிட்டது. சென்சாரின் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் அகச்சிவப்பை ஆளுக்குக் கொஞ்சம் வித்தியாசமாகக் கசியவிடுகின்றன. 720-ஐ ஒட்டிய பகுதியைச் சிவப்புப் புள்ளிகள் கூடுதலாக வாங்கும். அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பெருக்கித்தான் நிறம் காட்டுகிறோம். வானம் நீலமாக இருந்தால் நமக்கு நிம்மதி என்பதால் இடம் மாற்றிக்கொள்கிறோம். கோடாக் பிலிமில் இருந்த மாதிரி ஒன்றுக்கொன்று என்ற கணக்கு இதில் கிடையாது. இதில் நம்பத்தக்கது ஒன்றே ஒன்றுதான்: எது வெளிச்சம், எது மங்கல். எந்த இலை எவ்வளவு அகச்சிவப்பைத் திருப்பியது என்பது மட்டும் அங்கே பதிந்திருக்கிறது.

எஃபெக்ட் என்னும் பெருங்காயம்

இதற்கு மேல் சேர்க்கும் அலங்காரங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் காட்டமான அபிப்பிராயம் உண்டு.

ஒளிவட்டத்தை எடுத்துக்கொள்வோம். பழைய கறுப்பு வெள்ளை அகச்சிவப்புப் படங்களில் இலைகளைச் சுற்றி ஒரு மெல்லிய பிரகாசம் படர்ந்திருக்கும். இலை ஒளிர்வதாகப் பலர் நினைக்கிறார்கள். கோடாக்கின் எச்.ஐ.இ. என்ற பிலிமின் முதுகில், ஒளி திரும்பாமல் தடுக்கும் பூச்சு கிடையாது. பிலிமைக் கடந்துபோன ஒளி பின்னால் இருந்த தகட்டில் பட்டுத் திரும்பி, பக்கத்து இடங்களையும் நனைத்துவிடும். அவ்வளவுதான், பிலிமின் ஒரு குறை, அழகாக அமைந்துவிட்டது. 2007-ல் அந்த பிலிம் நின்ற பிறகு அந்தக் குறைக்காக எல்லோரும் ஏங்குகிறார்கள். படத்தை இன்னொரு அடுக்காக நகல் எடுத்து, அதைக் கலங்கலாக்கி, மேலே மெல்லப் போர்த்தினால் அந்தப் பிரகாசம் வரும். நான் பத்து சதவீதத்துக்கு மேல் போர்த்துவதில்லை. இருபதில் அழகாக இருக்கும். நாற்பதில் பிரமாதமாக இருக்கும். மறுநாள் காலை காப்பி குடித்துவிட்டுப் பார்த்தால் சாமி படக் காலண்டர் மாதிரி இருக்கும். இலையின் ஓரமெல்லாம் கரைந்து, வேம்பா புங்கா என்று தெரியாது.

கூர்மையாக்குவது, நிறத்தைத் தூக்குவது இவையெல்லாம் சில்லறை விவகாரம். குறைவாக இருந்தால் போதும்.

சாதாரணப் போட்டோவை ஒரே அழுத்தில் அகச்சிவப்பாக்கித் தருகிறோம் என்று வரும் செயலிகள்தான் என்னால் பொறுக்க முடியாதவை. அவை செய்வது பச்சையை வெள்ளையாக்குவது. பால்கனியில் கட்டிய பச்சை பிளாஸ்டிக் வலையும் வெளுக்கும், பச்சை பெயிண்ட் அடித்த கேட்டும் வெளுக்கும், கடை வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணமும் வெளுக்கும். எது உயிர், எது பெயிண்ட் என்று காட்டுவதற்காகவே பிறந்த ஒரு கலையில், இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு அதற்கு அதே பெயரை வைப்பது என்ன நியாயம்? பச்சையாக இருந்தது என்ற ஒரு தகவலிலிருந்து அது இலையா என்பதை எந்தச் செயலியும் கறக்க முடியாது. அந்த ஒளி பதிவாகவே இல்லை.

இப்படியெல்லாம் ஊருக்கு உபதேசம் செய்கிற நான்தான் பாட்டியிடம் மாட்டிக்கொண்டேன்.

பாட்டியின் இரண்டாவது கேள்வி இது: “ரோட்டுப் பக்கம் சாஞ்ச கிளை எங்கேப்பா? வெட்டிட்டாங்களா?”

“இல்லையே பாட்டி, இருக்குதே” என்று படத்தில் தொட்டுக் காட்டினேன்.

“இதுவா? அது நுனியெல்லாம் காஞ்சு தொங்குதேப்பா. அதுக்குக் கீழேதானே வருஷா வருஷம் நான் பழைய புடவையை விரிக்கிறது. நீ போட்டிருக்கிறதுல என்னமோ புதுசாத் துளிர்த்த மாதிரி இருக்கு.”

பங்குனி, சித்திரையில் அந்த மரத்தின் பூதான் எங்கள் கட்டடத்தில் பல வீடுகளுக்கு ரசம், பச்சடி. தெலுங்குக்காரர்களுக்கு உகாதிப் பச்சடி. விடிகாலையில் புடவையை விரித்து, பூவைப் பொறுக்கி, காய வைத்து, டப்பாவில் போட்டு எல்லா வீட்டுக்கும் விநியோகம் செய்பவர் பாட்டி. மரத்தின் ஒவ்வொரு கிளையும் அவருக்கு அத்துப்படி.

நான் செய்தது இதுதான். செப்டம்பரில் எடுத்த அந்தப் படத்தில், வெள்ளை மரத்தின் நடுவே ரோட்டுப் பக்கமாக ஒரு திட்டு மட்டும் சாம்பல் பூத்து மங்கலாக இருந்தது. சில லென்ஸ்களில் அகச்சிவப்பில் மட்டும் படத்தின் நடுவே ஒரு வெளிச்சத் திட்டு விழும். அதைச் சரி செய்து சரி செய்து எனக்குத் திட்டு என்றாலே கோளாறு என்று பழகிவிட்டது. இதையும் அழுக்கு என்றே நினைத்தேன். பக்கத்து இலைகளை நகல் எடுத்து ஒட்டும் கருவி இருக்கிறதே, குளோன் ஸ்டாம்ப், அதால் பத்து நிமிஷத்தில் அந்தக் கிளைக்கு வெள்ளையடித்துவிட்டேன். படம் முழுமையாகிவிட்டது என்று திருப்தியாகவும் இருந்தது.

பாட்டி வீட்டிலிருந்து நேரே கீழே போய் அண்ணாந்து பார்த்தேன். கிளையின் நுனிகள் நெருப்பில் வாட்டின மாதிரி பழுப்பாக, குச்சி குச்சியாக நின்றன. தினமும் அந்த மரத்தடியில்தான் ஸ்கூட்டரை நிறுத்துகிறேன். மேலே வந்து ரா கோப்பைத் திறந்தேன். ரா கோப்பில் நாம் எதைச் செய்தாலும் மூலப் பதிவு மாறாது; அது ஒன்றுதான் ஆறுதல். இலை உதிர்ந்து குச்சி தெரிந்த இடமெல்லாம் மங்கல். பக்கத்துக் கிளை ஒன்றிலும் அதே மங்கல் லேசாகத் தொடங்கியிருந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் அதையும் சேர்த்தே மெழுகியிருந்தேன்.

அந்த ஆண்டு தெலங்கானா முழுக்க வேப்பமரங்கள் நுனியிலிருந்து காய்ந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஒரு பூஞ்சையும், தேயிலைக் கொசு என்று சொல்லப்படும் பூச்சியும் காரணம் என்றார்கள். எங்கள் கட்டடத்திலும் பட்ட நுனிகளை வெட்டி, கார்பென்டாசிம் கரைத்துத் தெளித்தார்கள். செப்டம்பரிலேயே நான் சொல்லியிருந்தால் மரம் தப்பியிருக்கும் என்று பெருமை பேச மாட்டேன். அந்த நோயில் பெரும்பாலான மரங்கள் தாமாகவே மறுபடி துளிர்த்தன. ஆனால் மரம் தன் சங்கடத்தைப் படத்தில் எழுதிக் கொடுத்திருந்தது. நான் அதை ரப்பரால் அழித்துவிட்டு, சட்டம் போட்டுப் பரிசு கொடுத்திருக்கிறேன்.

சாதாரணப் படத்தில் இப்படிச் செய்வது சிரமம். இலையின் பச்சை கொஞ்சம் தப்பினாலும் பார்ப்பவர் கண் உடனே பிடித்துவிடும். வெள்ளை வேம்பை யார் முன்னே பின்னே பார்த்திருக்கிறார்கள்? நான் எதைச் சொன்னாலும் நம்ப வேண்டியதுதான். மரத்தை இலை இலையாக அறிந்த ஒருவர் எதிரே இல்லாவிட்டால் நான் பிடிபட்டிருக்கவே மாட்டேன்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். படம் முழுக்க ஒரே மாதிரி விழும் மாற்றங்கள் சரி: ஒயிட் பேலன்ஸ், சானல் மாற்றம், மொத்த வெளிச்சத்தைக் கூட்டுவது, குறைப்பது. அவை எத்தனை முரட்டுத்தனமாக இருந்தாலும் இந்த இலைக்கும் அந்த இலைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தலைகீழாக்குவதில்லை. ஒரு இடத்தில் மட்டும் கை வைக்கும் தூரிகைகள்தான் ஆபத்து. சென்சாரில் ஒட்டிய தூசி வானத்தில் புள்ளியாக விழுந்தால் துடைக்கிறேன். லென்ஸின் வெளிச்சத் திட்டு நடுவில்தான் விழும், எல்லாப் படத்திலும் அதே இடத்தில் விழும். ஒரு வெற்றுச் சுவரை அதே லென்ஸில் எடுத்து வைத்து, அந்தத் திட்டுதானா என்று ஒத்துப் பார்த்த பிறகே கை வைக்கிறேன். இலை மேல் தூரிகை கிடையாது. ஆகாயத்தாமரையை அழித்தால் ஹுசேன் சாகர் எவ்வளவு அழகாக இருக்கும் என்று கை அரிக்கும். அதுவும் கிடையாது.

பிரிண்ட் போடக் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. லேபில் உள்ள மெஷின் இந்தப் படங்களைப் பார்த்ததும் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பதறி, தானே நிறத்தைத் திருத்திக் கொடுத்துவிடும். என் முதல் பிரிண்டில் வேம்பு கத்திரிப்பூ நிறத்தில் வந்தது. ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்று கவரின் மேலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வழவழப்பான தாளைவிட மேட் தாளில் வெள்ளை இலைகளின் நுணுக்கம் எனக்குத் திருப்தியாக இருக்கிறது.

2022 செப்டம்பரில் அதே மரத்தை, அதே இடத்தில் நின்று, அதே நண்பகலில் எடுத்தேன். ரோட்டுப் பக்கக் கிளையில் பாதி மொட்டை, கறுப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது. அதன் கணுக்களில் ஏழெட்டு இடத்தில் புதுக் கொழுந்து, வெள்ளைப் பொட்டுகளாக. பத்து சதவீதப் பிரகாசம்கூடப் போர்த்தவில்லை. தீபாவளிக்குப் பாட்டியிடம் கொண்டுபோனேன். பழைய படத்தை ஆணியிலிருந்து கழற்றி, “இதை நீயே வெச்சுக்கோப்பா” என்று கையில் கொடுத்துவிட்டார். புதிய படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

“அடுத்த பங்குனிக்குக் கேட் பக்கமா விரிச்சுடணும். ரோட்டுப் பக்கம் இன்னும் ரெண்டு வருஷத்துக்குத் தேறாது” என்றார்.